ஒரு விநாடி நீலம்

அந்த ஜப்பானியப் படத்தைப் பற்றித் துணுக்குகள் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் சின்னக்காவின் அறிமுகம் கிடைத்தது. நடுக்கடலில் கலங்கரை விளக்கம் காக்கும் தகப்பனைத் தேடிப் போகும் ஒரு சிறுமியைப் பற்றிய கார்ட்டூன் படம் அது. கல்லூரியில் எங்களில் பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம். படத்தின் ஒரு பகுதிக்கு வண்ணம் தீட்டியது எங்கள் ஊரிலேயே, பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலிருந்த ஒரு மாடிக் கூடத்தில் என்று தெரிந்ததும், விசாரித்துக்கொண்டே போய்க் கதவைத் தட்டினோம். திறந்தவர் சின்னக்கா. உள்ளே தையல் மெஷினில் அவருடைய அக்கா. தெருவுக்கே ஒருவர் சின்னக்கா, மற்றவர் பெரியக்கா.

படத்தில் ஒரு விநாடி மட்டும் வரும் நீலச் செருப்பு வார் என்று நாங்கள் பேச்செடுத்ததும் சின்னக்கா அடுப்பைப் பார்க்க எழுந்து போனார். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய கதை. கூடத்தில் இருபது மேசைகள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளின் முன்புறம் கோட்டுருவம். பின்புறம் வண்ணம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தாள்கட்டுக்கும் மேலே தீட்டியவரின் பெயர்ச்சீட்டு இருக்கும். மேற்பார்வையாளர் லென்ஸும் கையுமாக அலைவார். அதனால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெரியக்காதான் கூடத்தின் முதல் கை. அவரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தங்கையை வேலையில் சேர்த்துவிட்டவரும் பெரியக்காவே.

சேர்ந்த மூன்றாம் வாரம். படியேறும் காட்சி. சிறுமிக்கு நீலக் காலுறை, சிவப்புச் செருப்பு. ஒரு வண்ணத்தை எடுத்தால் கட்டு முழுவதும் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்கள். காலுறைக்கு நீலம் நிரப்பிக்கொண்டே போன சின்னக்கா, இடது செருப்பின் வாரையும் சேர்த்தே நிரப்பிவிட்டார். பன்னிரண்டு தாளிலும். திரையில் அது ஒரே விநாடி. சிவப்பு டப்பாவைத் திறந்தபோதுதான் கவனித்தார். வண்ணம் காய்ந்துவிட்டது, சுரண்டினால் தாள் போச்சு. புதுக் கை தப்புச் செய்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். அக்காவை யார் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்? தன் பெயர்ச்சீட்டை எடுத்துவிட்டு அக்காவின் சீட்டை வைத்தார்.

அவசரத்தில் கட்டு அப்படியே ஜப்பானுக்குக் கப்பலேறியது. படம் வெளியான பிறகு, நீல வாரைக் காட்டும் புகைப்படத்தோடு அங்கிருந்து கடிதம் வந்தது.

"ஏம்மா, உன் கையா இது?" என்றார் பூதக்கண்ணாடி, பதிவேட்டைப் புரட்டியபடி.

பெரியக்கா புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தார். "என் பேருதான் சார் இருக்கு. நான் சிவப்புன்னு நினைச்சுத்தான் போட்டிருப்பேன். எப்படி நீலமாச்சுன்னு தெரியலையே."

மூன்று மேசை தள்ளி சின்னக்கா ஒரே தூரிகையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

வேலை போனதைவிடக் கண் மேலிருந்த நம்பிக்கை போனதுதான் பெரியக்காவுக்குப் பெரிய அடி. தையலுக்கு உட்கார்ந்தாலும் ஒவ்வொரு நூலையும் தங்கையிடம் நீட்டுவார். "இது சிவப்புதானேடி?" "சிவப்புதான்க்கா." தக்காளி வாங்கினாலும் அதே கேள்வி. கண் மருத்துவர் இரண்டு முறை சரியாக இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. "டாக்டர் ஆயிரம் சொல்வாரு. பன்னெண்டு தாளு வேற மாதிரி சொல்லுதே!"

இது எதுவும் தெரியாமல் நாங்கள் வந்து உளறினோம். ஒரு விநாடி மட்டும் நீலமாகும் அந்த வாருக்கு ரசிகர்கள் ஏகப்பட்ட விளக்கம் வைத்திருந்தார்கள். தகப்பன் இறந்த கணம் அதுதான், இயக்குநர் வேண்டுமென்றே வைத்த குறிப்பு அது, என்றெல்லாம்.

மெஷின் நின்றது.

"வேணும்னேவா? அப்போ நீலம்னுதான் எழுதி அனுப்பியிருக்காங்க! நானும் சரியாத்தான் போட்டிருக்கேன்! அந்தக் கடிதாசியைப் பூதக்கண்ணாடிதான் தப்பாப் படிச்சிருக்காரு! ஏய், வெளிய வாடி, என் கண்ணு நல்ல கண்ணுடி!"

நூல்பெட்டியைக் கவிழ்த்து, "இது பச்சை, இது ஊதா, இது சிவப்பு, மறுத்துச் சொல்லு பாப்போம்" என்று சிரித்தார். சமையலறை வாசலில் நின்ற சின்னக்கா அந்தச் சிரிப்பைக் கேட்டே எத்தனையோ வருடமாயிற்று. அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் அவருக்கும் தோன்றியது.

"நாளைக்கே பூதக்கண்ணாடி வீட்டுக்குப் போறேன். நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

"போகாதக்கா."

"ஏன் போகக்கூடாது?"

"அவர் மேல தப்பில்ல." சின்னக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "சாக்ஸோட சேத்து வாரையும் நிரப்பினது நான்தான். சீட்டை மாத்தி வெச்சதும் நான்தான். உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு நினைச்சேன்க்கா."

எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பெரியக்கா திட்டவில்லை. சிதறிய நூல்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் எடுத்து வைத்தார்.

"ஒவ்வொரு நூலா உன்கிட்ட நீட்டினேனே, அப்பல்லாம் என்னடி நினைச்ச?"

பெரியக்கா சிவப்பு நூலை எடுத்து ஒரே முயற்சியில் ஊசியில் கோத்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்.

இருவரும் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். பெரியக்கா தைக்கிறார். சின்னக்கா சமைக்கிறார், கை வேலை முடிந்ததும் மெஷின் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்கிறார். எந்த நூலும் அவர் பக்கம் நீளுவதில்லை.