கறுப்புக் குழாயைப் பிடித்து ஏறியவர்கள்

இந்த அருவிக்கு நான் போவது இது இரண்டாவது முறை. முதலில் போனது இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மாத மழையில். அதை இதே பக்கத்தில் எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். கொஞ்ச நாளாகப் பின்னூட்டங்களில் "பாறை முழுக்கக் கண்ணாடிச் சில்லு", "தண்ணீரில் ஷாம்பு நுரை" என்று குறைகள் வர ஆரம்பித்தன. யார் இந்த அக்கிரமத்தைச் செய்வது, நேரில் பார்த்து நாலு வார்த்தை சூடாக எழுதலாம் என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். அருவியின் பெயரை இந்த முறை சொல்லப்போவதில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

காந்திபுரத்தில் காலை 5.40க்கு மேட்டுப்பாளையம் பஸ். 6.50க்குக் காரமடையில் இறங்கினேன். கோயில் பக்கத்துக் கடையில் நாலு இட்லி, ஒரு காபி, 60 ரூபாய். சட்னி சுமார்தான். 7.30க்கு மலையடிவாரம் போகும் பஸ்ஸில் ஏறினால் நிற்கத்தான் இடம். 22 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 20 ரூபாய். போன தடவை இதே பஸ்ஸில் கால் நீட்டி உட்கார்ந்து போயிருந்தேன்.

"அருவிக்குங்களா?" என்றார் கண்டக்டர். "ஞாயித்துக்கெழமையானா பஸ்ஸே பத்தறதில்லீங்க. எவனோ ஒருத்தன் நெட்டுல எழுதிப்போட்டானாமா."

அந்த எவனோ நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வெட்கத்தில் இல்லை, பெருமையில்.

சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக்கொண்டு 50 ரூபாய் வாங்கினார்கள். அங்கிருந்து நடை 4.5 கிலோமீட்டர். முதல் மூன்று கிலோமீட்டர் சுலபம். அப்புறம் வெயில் தரையைத் தொடாத அடர்காடு, ஈரச் சருகு, அட்டைகள். துணியில் உப்பு கட்டி எடுத்துப் போனதால் தப்பித்தேன். ஆனால் அட்டைகளைவிட மனிதர்கள் மோசம். வழி நெடுக பிரியாணிப் பொட்டலம், சிப்ஸ் பாக்கெட், ஒரு மரத்தடியில் வரிசையாக ஏழு பீர் பாட்டில்கள். ஒரு கும்பல் தோளில் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு காட்டுக்கே பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. இவர்களுக்கெல்லாம் காடு எதற்கு, வீட்டுப் பாத்ரூமில் குளித்தால் ஆகாதா என்று பற்றிக்கொண்டு வந்தது.

10.30க்கு அருவி. முப்பது பேராவது இருப்பார்கள். நீர் விழும் இடத்துக்கு மேலே ஒரு சின்னக் குட்டை உண்டு. அங்கே ஏறும் வழுக்குப் பாறையில் நாலு கல்லூரிப் பையன்கள் ஒரு கறுப்புக் குழாயைக் கயிறாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு பெண் கையில் சைக்கிள் டியூப் துண்டுகளோடு நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, குழாயை உடுங்க! அது நாங்க குடிக்கிற தண்ணீங்க!"

அவர் பெயர் மருதி. கீழே இருக்கிற பதினெட்டு வீட்டுக் குடியிருப்பில் வசிப்பவர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். அந்தக் குட்டையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் குழாய் போட்டுத்தான் அவர்கள் வீடுகளுக்குத் தண்ணீர் போகிறது. "ஞாயித்துக்கெழமையானா இணைப்பு புடுங்கிக்குதுங்க. அப்பறம் ஆனை எறங்கற பள்ளத்துல போய் மொண்டுட்டு வரோணும். ஊட்டுல எந்தங்கச்சி கொழந்த பெத்து ஒம்பது நாளாச்சு. தண்ணியில்லாம எப்படிங்க?"

எனக்கு வந்ததே கோபம். "படிச்ச பசங்கதானே? கண்ணு தெரியலையா? ஒரு ஊரோட குடிதண்ணியில தொங்கறீங்களே!" என்று காட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். நான்கு பேரும் இறங்கிவிட்டார்கள். அதில் ஒருவன் பயந்துபோய்ப் போனை நீட்டினான். சேமித்து வைத்திருந்த பக்கம்.

"நாங்களா புடிக்கலீங்கண்ணா. இதுல போட்டிருக்குதுங்க."

என் பக்கம். நான் எடுத்த படம். அதன் கீழே நான் எழுதியது: "கடைசி ஏற்றத்தில் ஒரு கறுப்புக் குழாய் கிடக்கிறது. கயிறு மாதிரிப் பிடித்து ஏறிவிடலாம். போட்டுவைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்! மேலே குட்டையில் ஆனந்தமாகக் குளிக்கலாம்."

சும்மா நழுவியிருக்கலாம், ஒருவருக்கும் என் முகம் தெரியாது. ஆனால் அவ்வளவு கத்திவிட்டு எப்படி நழுவுவது? "அது நான் எழுதினதுங்க" என்றேன். மருதி படிக்கச் சொன்னார். படித்தேன், அந்தப் புண்ணியவான் வரி உட்பட.

"அந்தப் புண்ணியவான் எங்க ஊட்டுக்காரருங்க" என்றார். "இதைத் தோள்ல செமந்து போட்டுப்போட்டு ஒரு மாசம் இடுப்புப் புடிச்சுக் கெடந்தாரு. நல்லா இருக்கட்டும்னு சொல்லிப்போட்டுத்தான் புடிச்சுத் தொங்குனீங்களாக்கும்?"

"பேசாம இதைப் புடிங்க" என்று மருதி, பிரிந்து கிடந்த குழாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இணைப்பை இறுக்கும் இரும்பு கிளாம்ப் எப்போதோ கழன்று தண்ணீரோடு போய்விட்டதாம். நானும் அந்தப் பையன்களும் இரண்டு முனைகளையும் அழுத்திப் பிடிக்க, அவர் டியூபை இழுத்து இழுத்துக் கட்டினார். நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் தண்ணீர் ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது. குளிக்காமல் திரும்பினேன்.

வழி நெடுக ஊரையெல்லாம் திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். வழி காட்டியவன் நான். கிலோமீட்டர் கணக்கைச் சரியாக எழுதத் தெரிந்தவனுக்கு, அந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கத் தெரியவில்லை. பழைய கட்டுரையை அழித்துவிட்டேன். சேமித்து வைத்திருப்பவர்களும் அழித்துவிடுங்கள்.

அப்படியும் வழி கண்டுபிடித்துப் போவீர்கள், உங்களைத் தெரியும். காரமடையில் எந்த ஹார்டுவேர் கடையிலும் ஒன்றேகால் இஞ்ச் கிளாம்ப் கிடைக்கும். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், மருதியிடம் கொடுங்கள். மேல் குட்டைக்கு ஏறாதீர்கள். கீழே வழுக்கினால் வேரைப் பிடியுங்கள். வேர் கிடைக்கவில்லையென்றால் விழுந்துவிடுங்கள். குழாயைத் தொடாதீர்கள்.