சோறில்லாத சூப்

கேபிள் டிவி சமையல் நிகழ்ச்சியில் காட்டியதுபோல, மொச்சையை வேகவைத்து, சிக்கன் சாசேஜை நறுக்கிப் போட்டு, இன்று மாலை கெட்டியாக சூப் வைத்தேன்.

நானும் கணவரும் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, சோறு வைக்கலியா?"

"இன்னைக்கு இதுதானுங்கக்கா சாப்பாடு" என்றேன் பெருமையாக.

முகம் வாடிப்போய்த் திரும்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு போசி நிறையச் சோற்றோடு வந்தார். "மதியம் சாஸ்தியா வடிச்சுப்போட்டேன் கண்ணு. வீணாப் போயிரும், வாங்கிக்க."

மதியம் வடித்த சோற்றில் ஆவி பறந்தது.

வீட்டில் அரிசி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூப்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டோம். அப்படித்தான் ருசியாகவும் இருந்தது.

வெறும் போசியைத் திருப்பித் தர மனமில்லை. மிச்ச சூப்பை ஊற்றிக் கொடுத்தால், இருந்த குழம்பையும் கொடுத்துவிட்டார்களே என்று ரசம் வைத்து எடுத்து வருவார்.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.