சிம்மக்கல் மொத்தமும் பெயில்!

தெரு கிரிக்கெட்டுக்காக ஆரம்பித்த வெப்சைட்டை ஊரே வந்து பார்த்தால் நீங்க என்ன செய்வீங்க? நான் துள்ளிக் குதித்தேன்.

இலவச சர்வர் ஒன்றில் 'மதுரை ரிசல்ட்ஸ்' என்று பேர் வைத்து எங்கள் மேட்ச் முடிவுகளைப் போட்டு வந்தேன். அதே அக்கவுண்டில்தான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் இருந்தது. அதைப் பார்க்க எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருவதற்கு முந்தின நாள் அது. அன்று காளவாசல் பிரவுசிங் சென்டரில் திறந்தால், விசிட்டர் கவுண்ட்டர் எகிறிக்கொண்டே இருக்கிறது.

"மாப்ள, ஃபேமஸாயிட்டேன்டா!" என்று சென்டர் நடத்தும் நண்பன் செந்திலிடம் கத்தினேன்.

"லூசுப்பயலே, இன்னைக்கு பிளஸ் டூ ரிசல்ட்டுடா! அம்புட்டுப் பேரும் தேடி வந்து உன் பேஜ்ல விழுறாய்ங்க."

பக்கத்து சீட்டில் ஓர் அப்பா அலறினார். "என்னய்யா, சிம்மக்கல் மொத்தமும் பெயில்னு போட்ருக்கு? எம் மக அங்கதானய்யா படிக்கிறா!"

"அது கிரிக்கெட்டுண்ணே, சிம்மக்கல் டீமை நாங்க ஜெயிச்சது..." என்று முடிப்பதற்குள் பக்கமே காணாமல் போனது. சர்வரை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் அக்கவுண்ட் முடக்கம் என்று வந்தது. ப்ராஜெக்ட்டுக்கு வேறு காப்பி கிடையாது. சர்வர் கம்பெனிக்குக் கெஞ்சி மெயில் மேல் மெயில் போட்டதில், சாயங்காலம்தான் திறந்துவிட்டார்கள்.

இதை டைப் அடிக்கும்போது ப்ராஜெக்ட் ஃப்ளாப்பியில், என் சட்டைப் பையில் இருக்கிறது.