பரோட்டா எழுதிக் கொடுத்த டாக்டர்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கி நின்ற ஒரு தெருமுனையில் பக்கீர் முகமதுவின் பரோட்டாக் கடை இருந்தது. சாயங்காலம் முதல் பரோட்டா வெந்ததும், எல்லோரும் பார்க்க அவரே நின்று தின்பார். பிறகு "போடலாமுங்க" என்பார். அதற்கப்புறம்தான் வியாபாரம்.

அப்படிப்பட்டவருக்கு எழுபத்துமூன்றாம் வருசம் வயிறு கெட்டது. ஓயாத பேதி. இடுப்பில் லுங்கி நிற்கவில்லை. உள்ளூர் டாக்டர்கள் பூச்சி மருந்து கொடுத்து அலுத்து, மெட்ராஸுக்குக் கைகாட்டினார்கள். அந்தத் தெருவில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதால் துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் படித்தது சரித்திரம். குடலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், பாய் கேட்கவில்லை.

"கோதுமை உங்க குடலை அரிக்குதோன்னு சந்தேகம். மைதாவும் கோதுமைதான். சீலியாக்னு பேரு. நம்ம பக்கம் அபூர்வம்" என்றார் மெட்ராஸ் டாக்டர்.

"அரிசி மேல சந்தேகம் இல்லீங்களா?" என்றார் பாய், நயமாக.

டாக்டர் சிரிக்காமல் சோதனைகளை அடுக்கினார். மலத்தில் கொழுப்பு பார்க்கலாம். குடல் கெட்டது தெரியும், கெடுத்தது யார் என்று தெரியாது. கோதுமையை நிறுத்திப் பார்க்கலாம்; அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிய, மெல்லிய குழாயில் கட்டிய சிறு குப்பியை விழுங்க வேண்டும். அது சிறுகுடலுக்குப் போய்த் துளி சதையை வெட்டி வரும்.

"சாம்பிள் பீஸு" என்றார் பாய். பனியன் தெருக்காரருக்கு அது உடனே புரிந்தது.

"அடுத்த மாசம் வாங்க. அதுவரைக்கும் வழக்கம்போலச் சாப்பிடுங்க."

அதை வெறும் உபசாரப் பேச்சு என்று நினைத்தார் பாய். பெரிய டாக்டர் உள்ளே பார்க்கப்போகிறார், குடல் சுத்தமாக இருக்க வேண்டாமா? கடையை மூடிவிட்டுப் பத்தியம் பிடித்தார். அரிசிக் கஞ்சியில் தேறினார். டிக்கெட் எடுத்ததுமே பாதி நோய் ஓடிவிட்டதாகப் பீற்றிக்கொண்டார்.

குப்பியை விழுங்கினார். முடிவு தெளிவாக இல்லை.

"இடையில என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சி மட்டுமுங்க. மாவைக் கண்ணாலகூடப் பாக்கலீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "திருடனை வெளியூருக்கு அனுப்பிட்டு வீட்டைச் சோதனை போடச் சொல்றீங்க. போய்ப் பரோட்டா சாப்பிட்டுட்டு வாங்க."

கடை மறுபடி திறந்தது; தெரு கொண்டாடியது. "டாக்டரு எழுதிக் கொடுத்த மருந்துங்க" என்று சொல்லிச் சொல்லித் தின்றார் பாய். சில வாரங்களில் லுங்கி மறுபடி நழுவியது. இரண்டாம் தடவை குப்பி கொண்டுவந்த துணுக்கில் சந்தேகமே இல்லை. கோதுமைதான். இனி ஆயுசுக்கும் கூடாது.

திரும்பும் ரயில் ஈரோட்டைத் தாண்டியது. பாய் கேட்டார்: "தின்னாதவன் கடையில எவன் தின்பான், கண்ணு?"

ஊர் திரும்பிக் கடையைத் திறந்த நாளன்று, வெந்த முதல் பரோட்டாவைத் தட்டில் வைத்து, உள்ளே திரைக்குப் பின்னால் இருந்த மனைவி குல்சார் பேகத்திடம் நீட்டினார். வெளியே எல்லோரும் திரையையே பார்த்தார்கள்.

"உப்புக் கம்மி" என்றது திரை. "மாவு இன்னும் ஊறோணும். ஒரு மணி நேரம் கழிச்சுப் போடுங்க."

பாய்க்கு முகம் சிவந்தது. அந்தத் தெருவுக்கு முன்னால் அவர் பரோட்டாவை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. மாவு ஊறியது. இரண்டாவது தட்டு உள்ளே போனது.

"ம். போடலாமுங்க."

பனியன் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன் முதல் வாயைப் பிட்டுத் தின்றார். அந்தக் கடையில் இதுவரை இல்லாத ருசி.

"ஏனுங்க பாய், இத்தனை வருசமா உங்க நாக்கை நம்பியா தின்னுட்டிருந்தோம்?"