வைக்கோல் பிரியும் சுரங்கமும்

தஞ்சாவூருக்கு மேற்கே, செம்மண் மேட்டு முந்திரிக்காட்டுக்குள் ஒரு சுரங்கம் இருக்கிறது. யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வெட்டிக் காரை பூசிவிட்டு, பிறகு அப்படியே போட்டுவிட்டுப் போனதாம். பக்கத்துச் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் மனைவி அந்தக் காட்டை எட்டிப் பார்ப்பாள். இறங்கிப் பார்த்துவிட்டுப் போவோமா என்று ஒருநாள் கேட்டாள். அங்கே என்ன இருக்கிறது, பாம்பும் வௌவாலும்தான் என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்தில் நாலைந்து தடவை கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் சிங்கப்பூரில். நீடாமங்கலத்துப் பக்கம் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்துவிட்டேன். விவசாயம் பார்க்காத விவசாயிக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். வெளியே கிளம்பும்போது கதவைப் பூட்டி, பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பேன். "போயிட்டு வரேன்" என்று வாய் வரை வரும். பூட்டிடமா சொல்வது? வெறுமனே "போறேன்" என்றால் அவளுக்குக் கோபம் வரும், அபசகுனம் என்பாள். இப்போது இரண்டையும் சொல்லாமலே போய்க்கொண்டிருக்கிறேன்.

போன சித்திரையில் அந்தச் சுரங்கத்தைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் கேட்டதற்குச் சரியான பதிலாவது எனக்குத் தெரிய வேண்டாமா?

உள்ளே கிளை கிளையாகப் போகிறது, தடுமாறிவிடும் என்று அந்தப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். வேறு யாராவது என்றால் கடையில் நைலான் கயிறு வாங்கியிருப்பார்கள். எனக்கு வைக்கோல்தான் ஞாபகம் வந்தது. மிஷின் அறுத்த வைக்கோல் நொறுங்கிக் கிடக்கும், கயிறு மாதிரிப் பிரி திரிக்க வராது. மிஷின் நுழையாத வயல் மூலையில் கையால் அறுத்த வைக்கோலைக் குத்தகைக்காரரிடம் கேட்டு வாங்கி வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து நீளமாகப் பிரி திரித்தேன். அந்த இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தது.

சுரங்க வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு முந்திரி மரத்தில் பிரியின் முனையைக் கட்டிவிட்டு, மீதியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டே உள்ளே போனேன். கையில் போன் வெளிச்சம். குனிந்துதான் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், சுவரில் துருப்பிடித்த கொக்கிகள். எங்கள் ஊரில் நாலடி தோண்டினால் தண்ணீர் நிற்கும். இங்கே இத்தனை ஆழத்தில் கால் புழுதியில் புதைந்தது. இரண்டு திருப்பம் தாண்டி, பிரி தீர்ந்த இடத்தில் ஒரு சுவர். அவ்வளவுதான். பாம்புகூட இல்லை. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இந்த ஒன்றுமில்லாததை அவளுக்குக் காட்ட ஒரு அரை நாள் எனக்கு இல்லாமல் போயிற்றே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எழுந்தபோது போன் அணைந்துவிட்டது. பிரியைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். முதல் திருப்பத்தில் அது லேசாகக் கையோடு வந்தது. அறுந்திருந்தது. தரையைத் தடவினேன், மறுபாதி இல்லை.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நான் இங்கே வந்தது ஒருவருக்கும் தெரியாது. மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதுதான் தேடவே ஆரம்பிப்பான். அன்றைக்குத் திங்கட்கிழமை. இனி இருந்தென்ன, போயென்ன என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், மண்டியிட்டுப் பிரியின் மறுபாதியை மறுபடி தேடினேன்.

"உள்ள யாருங்க இருக்கறது?"

பெண் குரல். நான் இருக்கிறேன் என்று கத்தினேன். அந்தக் குரல் விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சுவரைத் தடவியபடி அதன் பக்கமாகவே நடந்து வெளியே வந்து சேர்ந்தேன்.

ஆடு மேய்க்கும் அம்மா, என் வயதுதான் இருக்கும். ஐந்தாறு ஆடுகள். ஒன்றின் வாயில் என் பிரியின் கடைசி முழம் தொங்கியது. புல்லெல்லாம் கருகிக் கிடக்கிற கோடையில் வைக்கோலை மரத்தில் கட்டி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன். நாற்பது வருஷம் மாடு கட்டித் தீனி போட்டவன் நான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். ஆடுகள் தின்றது போதாமல் இழுத்ததில் உள்ளே அறுந்திருக்கிறது. முந்திரிக்காட்டில் வைக்கோல் பிரி எப்படி வந்தது, அதுவும் சுரங்கத்துக்குள்ளிருந்து வருகிறதே என்று யோசித்துத்தான் கூப்பிட்டாராம்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வீட்டில் சொல்லிவிட்டுத்தானே வந்தீர்கள் என்று கேட்டார். சொல்வதற்கு ஆள் இல்லை என்றேன். அவர் ஆட்டின் வாயிலிருந்து மிச்சத்தைப் பிடுங்கப் பார்த்தார். அது விடவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை தானாக வந்தது.

"போயிட்டு வரேம்மா."

"போயிட்டு வாங்க," என்றார் அவர், ஆட்டை விடாமலே. "வர்றப்ப நைலான் கயிறாக் கொண்டாங்க."