ஃபாரின் அடி

அந்தக் கேசட்டின் அட்டையில் 'இங்கிலீஷ் பாட்டு, ஒத்திகை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இத்தனை வருடமாகப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்ததை, போன வாரம் தம்பி மகள் எடுத்துப் பழைய டேப்பில் போட்டாள். முதல் அடி விழுந்ததுமே பழைய கல்யாணப் பந்தல் ஒன்று கண்முன் வந்து நின்றது.

அப்போது கும்பகோணத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் வாசித்தவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கிட்டார் அலறும் ஒரு ராக் பாட்டை அவர் பாதி வேகத்துக்கு இறக்கினார். பேஸ் கிட்டாரை அசைந்து நடக்கவிட்டு, என்னை உருகிப் பாடச் சொன்னார். ஒத்திகையில் எல்லோருக்கும் கால் தானாக ஆடியது. எனக்கு மட்டும் ஆடவில்லை. அது அவருடைய அப்பா சாவுக்கு அடிக்கிற பறையின் அடி என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். "யாருக்கும் தெரியாது, நீ பாடு தங்கச்சி" என்று சிரிப்பு வேறு.

திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டுக் கல்யாண வரவேற்பு. கூலி உயர்வு கேட்டு ஆட்கள் அறுப்புக்கு இறங்காத நேரம் அது. வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. மாப்பிள்ளை வீட்டார் ஆளுங்கட்சி என்பதால் பந்தல் வாசலில் போலீஸ் வேன். கொடி பிடித்தவர்களில் அண்ணனின் அப்பாவும் ஒருவர். இன்னார் மகன் என்று தெரிந்தால் அண்ணன் முழுசாக வீடு திரும்ப மாட்டார் என்று பயந்துகொண்டே மேடையேறினேன். மாப்பிள்ளை கேட்டதோ அந்தப் பாட்டைத்தான்.

இரண்டாவது சரணத்தில் மிராசுதார் எழுந்து வந்து கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன அடி இது? எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?" என்று அண்ணனைப் பார்த்தே கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் மைக்கில் முந்திக்கொண்டேன்.

"ஃபாரின் அடிங்க. அங்கெல்லாம் இப்படித்தாங்க வாசிப்பாங்க."

"ஃபாரினா? அப்ப சரி, வாசிங்க" என்று போய் உட்கார்ந்தார். பந்தலே கைதட்டியது. எனக்குப் போன உயிர் வந்தது.

கச்சேரி முடிந்து எங்கள் குழு வேனில் திரும்பினோம். இறங்கும்போது அண்ணன், "எங்கப்பா அடிய ஃபாரின்காரனுக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டியே தங்கச்சி" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மாதமே குழுவை விட்டுப் போய்விட்டார்.

"செம ஃபங்க் மியூசிக் அத்தை! இந்த பீட் எந்த நாட்டுது?" என்றாள் தம்பி மகள்.

பதில் சொல்லும் முன் ஜன்னல் பக்கம் திரும்பி, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது. "எந்த நாட்டுதும் இல்லடி. இதை வாசிக்கிற அண்ணனோட அப்பா அடிச்சது" என்றேன்.

"எந்த அண்ணன்?" என்று அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் பெயரை நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.