காத்துக்கு வாடகை

எங்க லயத்துல இருக்கற அத்தனை வீட்டுக்கும் சேத்து மெயில் ஐடி ஒண்ணே ஒண்ணுதான். அது என்னோடது. குன்னூருக்குக் கீழ, தேயிலைக்கு நடுவுல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கிற வீட்டு வரிசையை நாங்க இன்னும் லயம்னுதான் சொல்லுவோம். இலங்கையில இருந்து வந்தப்ப எங்க ஆளுங்க கூடவே கொண்டு வந்த பேரு அது. அந்த லயத்துல முதல்ல கம்ப்யூட்டர் படிச்சு, எஸ்டேட் ஃபேக்டரி ஆபீஸ்ல போய் உக்காந்தவ நான். அதனால யாரு எந்த ஃபாரம் நிரப்பினாலும், மெயில் ஐடின்னு ஒரு கட்டம் வந்துட்டா என்னோடதை எழுதிருவாங்க. ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. பொதுக் குழாய்னு நினைப்பு.

கேஸ் பில்லா, எனக்கு வரும். யாரோட புள்ளைக்கோ ஸ்கூல் லீவா, எனக்கு வரும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு துணிக்கடையில பரிசுக் கூப்பன் போட்டாரு, அந்தக் கடைக்காரன் இன்னிக்கு வரைக்கும் தினம் தவறாம எனக்குக் காலை வணக்கம் சொல்றான். கடைசி வீட்டுத் தம்பி பொண்ணு தேடற வெப்சைட்ல என் ஐடியைக் கொடுத்துட்டான். "உங்களுக்கு ஏற்ற மணமகள்"னு வாரம் பூரா எனக்குப் பொண்ணு காட்டறாங்க! நானும் சும்மா இருக்கறதில்ல. ஒருத்தியைப் பாத்துட்டு, "இது வேண்டாண்டா, மூஞ்சியிலயே கோவம் தெரியுது, இந்த லயத்துக்கு நான் ஒருத்தி போதும்"னு தட்டிக் கழிச்சு விட்டேன்.

இதுல என் வீட்டுக்காரர் வேற. மேட்டுப்பாளையத்து ஆளு, எஸ்டேட்ல கொழுந்து லாரி ஓட்டறாரு. புது போன் வாங்கப் போன இடத்துல கடைக்காரர் மெயில் ஐடி கேட்டிருக்காரு. இவரு என் ஐடியையும் பாஸ்வேர்டையும் கடையில நின்ன எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லிட்டு வந்துட்டாரு. அன்னையில இருந்து இவர் எடுக்கற போட்டோ என் போன்லயும், நான் எடுக்கறது இவர் போன்லயும் வந்து உக்காந்துக்கும். புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்னு சிரிப்பாரு. ரகசியம் இல்லதான். இடமும் இல்லையே!

அந்த இடத்தைப் பாதி அடைச்சது ஒரு கரடி. போன வருஷத் திருவிழாவுக்கு, விடிஞ்சும் விடியாத நேரத்துல மாரியம்மன் கோயிலுக்குள்ள கரடி பூந்துருச்சு. எங்க பக்கத்துக் கரடிக்கு விளக்குல ஊத்தற எண்ணெய்னா உயிரு. எண்ணெயை நக்கிட்டு, சக்கரைப் பொங்கல் குண்டானைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு கால்ல நடந்து, படியிறங்கிப் போச்சு பாருங்க, அந்த நடையை இவரு லாரிக்குள்ள இருந்தே முழுசா வீடியோ எடுத்துட்டாரு. எங்க கல்யாண ஆல்பத்தைக்கூட இவரு இத்தனை பேருக்குக் காட்டினதில்ல. செக்போஸ்ட்டு, டீக்கடை, எமரால்டு ஊருச் சந்தை, எங்க லாரி நின்னாலும் கரடி இறங்கிரும்.

இப்படி இருக்கயில போன்ல ஒரு சிவப்பு எழுத்து வர ஆரம்பிச்சுது. இடம் நிரம்பிப் போச்சு, மாசா மாசம் காசு கட்டினா கூட இடம் தர்றோம்னு. அப்படி ஒண்ணும் பெரிய காசு இல்ல. ரெண்டு பேரு பஸ் ஸ்டாண்டுல உக்காந்து டீயும் வடையும் சாப்பிடற காசுதான். கட்டிரலாமான்னு கேட்டேன்.

"ஏம்புள்ள, அந்த எடத்தக் கண்ணுல காட்ட முடியுமா? கதவு இருக்குதா, சாவி இருக்குதா? காத்துக்கு எவனாச்சும் வாடகை கொடுப்பானா?"ன்னாரு.

"உங்க கரடி அங்கதாங்க குடியிருக்குது"ன்னேன்.

"கரடி என்ற போன்ல இருக்குது"ன்னு சொல்லிட்டு 'அப்புறம்'ங்கற பட்டனை அமுக்கினாரு. வாராவாரம் அது கேக்கும், வாராவாரம் இவர் அமுக்குவாரு. உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் ஒரு பயம் இருந்துச்சு. ஒரு தடவை கட்ட ஆரம்பிச்சா சாகற வரைக்கும் கட்டணும். நிறுத்தினா சட்டி பானையைத் தெருவுல தூக்கி வெச்சுருவான். அதனால நானும் விட்டுட்டேன்.

அப்பதான் எதிர்வீட்டு அக்கா மகளுக்கு இன்டர்வியூ வந்துச்சு. அக்கா கொழுந்து பறிக்கறவங்க. அவங்களுக்கு இருக்கறது அந்த ஒரு புள்ளதான். கோயமுத்தூர்ல நர்சிங் படிச்சு முடிச்சிருந்தா. அங்கயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பாத்துப் பேசிட்டு, "மெயில் வரும், வந்ததும் சம்மதம்னு பதில் போடணும், போடலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்"னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. மெயில் வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு அம்மாகூட கொழுந்து பறிக்க மலைக்குப் போய்ட்டு இருந்தா. அக்காவுக்கு அது பொறுக்கல. கொழுந்து கிள்ளற விரல்ல ஒரு கறுப்புக் கறை ஏறும், சோப்புப் போட்டாலும் போகாது. "என் மக விரல்ல இது ஏறிச்சுன்னா நான் இத்தனை வருஷம் பறிச்சதுக்கு அர்த்தமே இல்ல"ன்னு என்கிட்ட சொல்லி அழுதாங்க.

தினம் சாயங்காலம் அந்தப் புள்ள எங்க வாசல்ல வந்து நிப்பா. "வந்துச்சாக்கா?" வரல. அதுவும் வரல, எதுவுமே வரல. துணிக்கடைக்காரன்கூட வணக்கம் சொல்றதை நிறுத்திட்டான். அப்பாடா, நிம்மதின்னு நினைச்சேன். என் அறிவை என்னன்னு சொல்றது!

அன்னிக்கு நான் அரை லீவு போட்டுட்டு வீட்டுல இருந்தேன். அந்தப் புள்ள மேட்டுல இருந்து ஓடி வர்றா, செருப்பு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கா. ரெண்டு தடவை அனுப்பியும் திரும்பி வந்துருச்சாம், பெட்டி நிறைஞ்சிருக்குதாம், போட்டோவும் மெயிலும் ஒரே பெட்டியாம். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா வேற ஆளாம்.

ரெண்டு பேரும் கோயில் படிக்கு ஓடினோம், அங்கதான் சிக்னல் நிக்கும். உக்காந்து அழிச்சேன் பாருங்க! மணமகள் அத்தனை பேரையும் ஒரே தட்டுல அனுப்பினேன். கேஸ் பில்லு, காலை வணக்கம், திருவிழா போட்டோ, திருவிழா வீடியோ, எது கையில மாட்டுதோ அது போச்சு. பெரிசா இருந்தா இன்னும் சந்தோசமா அழிச்சேன்.

போன் அடிச்சுது. வீட்டுக்காரர். "புள்ள! கரடியக் காணோம்!"

ஜெகதளாவுல ஒரு டீக்கடையில நின்னு யாருக்கோ காட்டிட்டு இருந்திருக்காரு. கரடி பாதிப் படி இறங்கியிருக்குது, அப்படியே கண்ணு முன்னாலயே மறைஞ்சு போச்சாம். "என்ற போன்ல இருந்தது எப்படிடீ போகும்?" ரெண்டு போனும் ஒரே கணக்கு, இங்க அழிச்சா அங்கயும் அழியும்ங்கறது அப்பதான் எங்க ரெண்டு பேருக்குமே உறைச்சுது.

விசயத்தைச் சொன்னேன். அழிச்சதெல்லாம் இப்போதைக்குக் குப்பைத் தொட்டியில கிடக்குது, கரடியும் உள்ளதான் இருக்குது, ஆனா தொட்டியைக் காலி பண்ணினாத்தான் இடம் கிடைக்கும், காலி பண்ணிட்டா கரடி திரும்ப வராது.

பக்கத்துல அந்தப் புள்ள என் கையைப் புடிச்சுக்கிட்டு, "வேண்டாங்கா, அண்ணனோட கரடி"ன்னு சொல்றா. பைத்தியக்காரி! தன் பொழப்பே தொங்கிட்டு இருக்கு, கரடிக்குப் பரிஞ்சு பேசறா. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துருச்சு.

"காலி பண்ணாத"ன்னாரு அவரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. வாயைத் திறக்கறதுக்குள்ள, "புள்ளைக்கு வேலையும் வேணும், கரடியும் வேணும். இரு, நானே கட்டறேன்"னாரு. வாராவாரம் 'அப்புறம்' அமுக்கின அதே விரல்ல, டீக்கடையில நின்னுக்கிட்டே காத்துக்கு வாடகை கட்டிட்டாரு!

சிவப்பு எழுத்து போச்சு, கரடியைத் தொட்டியில இருந்து தூக்கி வெளிய விட்டேன். அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு இன்னொரு தடவை அனுப்பச் சொன்னா. மூடுபனி இறங்கி எதிர்ல இருக்கற கோயில் மணிகூடத் தெரியல. போன்ல சக்கரம் சுத்துது, சுத்துது. டிங்னு ஒரு சத்தம். ரெண்டு தலையும் முட்டிக்கிச்சு. துணிக்கடைக்காரன்! சாயங்காலத்துல காலை வணக்கம் சொல்றான். நான் அவனைத் திட்டின திட்டு அம்மனுக்கே கேட்டிருக்கும். திட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த டிங்.

பதிலை அவளே அடிச்சா. நான் அடிக்கறேன்னு கேட்டும் போனைத் தரல. போயிருச்சுன்னு காட்டினதும் ரெண்டு பேரும் படியிலயே குதிச்சோம், கரடி நடந்த அதே படியில. ஃபேக்டரி ஆபீஸ் அம்மான்னு ஒரு மரியாதை வெச்சிருந்தவங்க எல்லாம் அன்னிக்கு என் ஆட்டத்தைப் பாத்தாங்க. பாக்கட்டும்.

அடுத்த திருவிழாக் கூட்டத்துல என் வீட்டுக்காரர் எழுந்து நின்னு, கோயில் வரியோட மெயில் வரியும் போடணும்னு பேசினாரு. "கண்ணுக்குத் தெரியாட்டி இல்லைன்னு ஆயிருமாங்க?"ன்னு இவரு கேக்க, நான் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் மறுக்கல. கணக்கு நோட்டுல பந்தல், மேளம், அதுக்குக் கீழ மெயில். காசு கட்டி இடம் வாங்கறது தேவையான்னு ஆபீஸ்ல யாராச்சும் கேட்டா, உங்க ஐடியில எத்தனை வீடு குடியிருக்குன்னு நான் திருப்பிக் கேப்பேன்.

அந்தப் புள்ள இப்ப கோயமுத்தூர்ல இருக்கா. அவளுக்குன்னு தனி ஐடி போட்டுக் கொடுத்துட்டேன். ஆனா சம்பளச் சீட்டு மட்டும் இன்னும் எனக்குத்தான் வருது. மாத்துடீன்னா, "அம்மா உங்க வீட்டுக்கு வந்துதானே பாப்பாங்க"ங்கறா.

வரத்தான் செய்யறாங்க. மாசம் பொறந்ததும், கொழுந்துக் கூடையை வாசல்ல இறக்கி வெச்சுட்டு உள்ள வருவாங்க அக்கா. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. மக பேரு எதுன்னு நான் காட்டணும். கறை புடிச்ச விரலைச் சேலையில ரெண்டு தடவை தொடைச்சுட்டு, அந்தப் பேரைத் தொட்டுப் பாப்பாங்க.

"இது எங்கயும் போயிராதுல்ல?"

"போகாதுக்கா. வாடகை கட்டியாச்சு."